விழத் தெரிந்தவன்

அந்தக் கல்லூரியில் மல்யுத்தத்துக்கு அணி இரண்டு, விழுந்து புரள விரிக்கிற மேட் ஒன்று. ஆண்கள் அணி நெடுநாளாக இருப்பது. பெண்கள் அணி போன வருடம்தான் முளைத்தது. கல்லூரியோ கையகலம். இதில் இரண்டாவது மேட்டுக்கு எங்கே போவது? பழைய இறகுப்பந்து அரங்கில் கிடந்த அந்த ஒரே நீல மேட்டின் நடுவில் மஞ்சள் டேப் ஒட்டினார்கள். இந்தப் பக்கம் பையன்கள், அந்தப் பக்கம் பெண்கள். முதல்வருக்கு டேப் போதவில்லை. நடுவில் ஒரு திரை தொங்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும் போலிருந்தது.

திரையைத் தைத்தது ஆண்கள் அணியில் இருந்த தூங்குமூஞ்சியின் அம்மா. கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே அவளுக்கு ஒரு தையல் கடை உண்டு. "ஜன்னலுக்குத் தச்சிருக்கேன், மேடைக்குத் தச்சிருக்கேன். கட்டிப் பொரளுறவங்களுக்கு நடுவுல தொங்கறதுக்கு இப்பத்தான் தைக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் மலை மாதிரி இருந்த ஒருவனை இன்னொரு மலை தூக்கி எறிய, அவன் திரையோடு சுருண்டு பெண்கள் பக்கம் போய்ப் பொட்டலமாகக் கிடந்தான். பெண்கள் சிரித்த சிரிப்பு முதல்வர் அறைவரை கேட்டது. அதன் பிறகு திரையை யாரும் மாட்டவில்லை. மேட் துடைக்கிற துணியாக அது நெடுநாள் உழைத்தது.

தூங்குமூஞ்சி என்பது அந்தத் தையல்காரியின் மகனுக்கு அணி வைத்த பெயர். வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வகுப்பிலும் பேருந்திலும் ஏன், நின்றுகொண்டிருக்கும்போதுகூட அவன் கண்கள் பாதி மூடியே இருக்கும். சோம்பேறி இல்லை, ஓடச் சொன்னால் ஓடுவான், கயிறு ஏறச் சொன்னால் ஏறுவான். ஆனால் எதைச் செய்தாலும் பக்கத்து அறையில் யாரோ பாடுவதைக் கேட்டுக்கொண்டே செய்கிறவன் போல இருப்பான். அணியிலேயே எடை குறைந்தவன். அந்த எடைக்கு வேறு ஆள் இல்லாததால் அணியில் இருந்தான், அவ்வளவுதான்.

பெண்கள் அணியில் இருந்தது ஐந்து பேர். இரண்டிரண்டாகச் சேர்ந்தால் ஒருத்தி மிஞ்சுவாள். மிஞ்சியவள் ஆணி. காலை ஊன்றிவிட்டால் நகர மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். பிடிவாதத்துக்கும் அது பொருந்தியது. குள்ளமான, தோள் அகன்ற பெண். அவளிடம் இருந்தது ஒரே ஒரு ஆயுதம்: எதிராளியின் கையைப் பற்றி, முதுகைக் காட்டித் திரும்பி, தன் இடுப்பின்மேல் ஏற்றி எறிகிற ஹிப் த்ரோ. போன வருடம் மாநிலப் போட்டிக்குப் போய், அந்த ஆயுதத்தை எடுப்பதற்குள் முதல் ஆட்டத்திலேயே தோற்று, செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள். இந்த வருடம் கடைசி வருடம். அடுத்தது கல்யாணமோ வேலையோ, எதுவானாலும் மேட் கிடையாது. ஒரே ஒரு ஆட்டமாவது ஜெயிக்காமல் இந்தக் கல்லூரியை விட்டுப் போக மாட்டேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருந்தாள்.

பெண்கள் அணியின் பயிற்சியாளரை எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் ஒருநாள் மஞ்சள் கோட்டின் ஓரத்தில் வந்து நின்று ஆண்கள் கோச்சைக் கூப்பிட்டார்.

"சார், எங்க பொண்ணுக்கு ஜோடி இல்ல. உங்க பசங்கள்ல லேசா, வம்பு பண்ணாத ஒருத்தன் இருந்தா குடுங்களேன்."

கோச் சுற்றிலும் பார்த்தார். சுவரில் சாய்ந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருந்தவன் கண்ணில் பட்டான்.

"அந்தத் தூங்குமூஞ்சிய எடுத்துக்கங்க மேடம். எங்க கொண்டு போய்ப் போட்டாலும் முழிச்சுக்க மாட்டான்."

இப்படித்தான் அவன் கோட்டைத் தாண்டினான்.

மல்யுத்தப் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிடியை ஒருத்தர் பழகும்போது மற்றவர் முரண்டு பிடிக்கக் கூடாது. உடம்பைக் கொஞ்சம் 'கொடுக்க' வேண்டும். கொடுத்தால்தான் பிடி கைக்கு வரும். எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. சிலர் கஞ்சப்பிசினாறி, அசையவே மாட்டார்கள். சிலர் தரையைப் பார்த்ததும் பயந்து கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்வார்கள். தூங்குமூஞ்சிக்கு ஒரு வரம் இருந்தது. அவனுக்கு விழப் பயமில்லை. அதைவிட, விழுவது அவனுக்குப் பிடித்திருந்தது.

விழுவது என்றால் மற்றவர்களுக்கு ஒரு நொடி. அவனுக்கு அது ஒரு முழு மதியம். ஆணியின் கை அவன் மணிக்கட்டைப் பற்றும். அவள் முதுகு திரும்பும். 'ஹும்' என்று சின்னதாக ஒரு மூச்சை உள்ளே இழுப்பாள். உடனே தரை அவன் கால்களைவிட்டு எங்கோ போய்விடும். கூரையில் நடுநடுவே பதித்திருந்த கண்ணாடி ஓடுகள் வழியே இறங்கிய வெளிச்சச் சதுரங்கள் மெல்ல நகர்ந்து வரும், மிதக்கும், தலைகீழாகும். அம்மா கட்டிலில் புதுப் போர்வையை உதறி விரிக்கும்போது அது காற்றை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இறங்காமல் நிற்குமே, அந்த மாதிரி அவன் நிற்பான். அந்த நேரத்தில் எதையெதையோ நினைப்பதற்கு இடம் இருந்தது. தையல் மெஷின் சத்தம் கேட்கும். சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்த அறையின் மஞ்சள் சுவர் தெரியும். யாரோ கூப்பிடுவார்கள், இதோ வருகிறேன் என்று சொல்ல நினைப்பான். பிறகு முதுகுக்குக் கீழே மேட் வந்து சேரும். ஆணியின் முகம் மேலே தெரியும், வேர்த்து, சந்தோஷமாக.

"இன்னொன்னு" என்பாள்.

அவன் எழுந்து மணிக்கட்டை நீட்டுவான்.

நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். அவனுக்கு அவளைப் பிடித்திருந்ததா என்றால், பிடித்திருந்தது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அவளைப் பிடித்திருந்ததால் விழுந்தானா, விழுவது பிடித்திருந்ததால் அவளைப் பிடித்ததா என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. மாலையில் வீட்டுக்கு நடக்கும்போது தெரு லேசாகச் சாய்ந்திருப்பதுபோல் தோன்றும். விளக்குக் கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவனுக்காகத் தலை குனியும். அவ்வளவு சுகத்தில் இருந்தான். இப்படியே ஏறக்குறைய ஒரு வருடம் போனது.

அப்போதுதான் பெரிய கல்லூரி ஒன்றின் ஆண்கள் அணி இவர்களோடு மோத வந்தது. சொந்தப் பேருந்து, ஒரே நிறப் பைகள், ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. எடை குறைந்தவர்கள் ஆட்டம்தான் முதலில். ஆகவே அரங்கில் எல்லோரும் விழித்திருந்த நேரத்தில் தூங்குமூஞ்சி மேட்டில் ஏறினான். அம்மா கடையை அடைத்துவிட்டு, கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து, முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். பெண்கள் அணி மேட்டின் ஓரத்தில் சம்மணமிட்டிருந்தது.

எதிராளி கழுத்துத் தடித்த பையன். அவனுக்குச் சளி பிடித்திருந்தது. விசில் ஊதியதும் இருவரும் சுற்றி வந்தார்கள். அந்தப் பையன் சும்மா ஆழம் பார்க்கத்தான் தூங்குமூஞ்சியின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினான். 'ஹும்.'

தூங்குமூஞ்சி விழுந்தான்.

எவ்வளவு அழகாக விழுந்தான் என்கிறீர்கள்! கால்கள் இரண்டும் சேர்ந்து மேலே போய், தோள் திரும்பி, முதுகு முழுக்கத் தரையில் படிந்து, கை பட்டென்று மேட்டைத் தட்டியது. கை பிடியில் இருந்ததால் எதிராளியும் இழுபட்டு அவன்மேலேயே விழுந்தான். நடுவர் குழம்பிப்போய்க் குனிந்து பார்த்தார். தோள் இரண்டும் தரையில் பட்டால் தோல்வி; இரண்டும் தரையில்தான் இருந்தன. மேட்டைத் தட்டிவிட்டார். ஆட்டம் முடிந்தது. ஜெயித்த பையன் எழுந்து, இதில் இப்படி ஒரு சக்தி இருக்கிறதா என்பதுபோலத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சமாளிக்கலாம் என்றால், இவன் விழுந்ததோ மல்லாந்து. மீசையும் இன்னும் சரியாக முளைக்கவில்லை.

கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா எழுந்து வந்து அவன் தோளில் துண்டைப் போட்டாள்.

"அந்தப் பையன் உன்னத் தள்ளவே இல்லையேடா. நீயா போய்ப் படுத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

"தூக்கிட்டாம்மா."

"எனக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

பின்னால் ஆணி நின்றிருந்தாள். அரங்கத்தில் சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். பேயறைந்த மாதிரி இருந்தது முகம். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை அவன் வழக்கம்போல மணிக்கட்டை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை.

"நேத்து அவனுக்கு விழுந்தியே, அதே மாதிரிதான் எனக்கும் விழற" என்றாள்.

"எல்லாரும் விழறது ஒரே மாதிரிதானே."

"இல்ல. உன் கால் எப்படிப் போகும், தோள் எப்பத் திரும்பும், எல்லாம் எனக்கு மனப்பாடம். நேத்து அப்படியே வந்துச்சு. மயிரிழை வித்தியாசம் இல்ல. ஆனா அவன் ஒண்ணுமே பண்ணலடா! மூக்க உறிஞ்சினான், அவ்வளவுதான். அப்ப நான் என்ன பண்றேன்? ஒரு வருஷமா உன்னத் தூக்கி எறியறேன்னு நெனச்சிட்டிருக்கேன். நான் எறியறேனா, நீயா விழறியா?"

அவன் நேர்மையாக யோசித்தான். கண்ணை முழுக்கத் திறந்துகூட யோசித்தான்.

"தெரியலயே" என்றான்.

அந்த ஒரு சொல் அவளைப் புரட்டிப் போட்டது. போட்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கையில் இருந்த ஒரே ஆயுதம் ஆயுதம்தானா என்றே இப்போது தெரியவில்லை. போன வருடமாவது எடுக்க நேரமில்லாமல் போனது. இந்த வருடம் எடுத்த பிறகு அது காகிதக் கத்தி என்று தெரிந்தால்?

"சரி. இனிமே விழாத. நில்லு. நிக்கிறவன எறிஞ்சாத்தான் எறிஞ்ச மாதிரி."

சொல்வது சுலபம். அவன் நின்றான், அவள் பிடித்தாள், திரும்பினாள், அவன் விழுந்தான். மன்னிப்புக் கேட்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான், விழுந்தான். பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு நின்றான், பாதி வாய்ப்பாட்டில் விழுந்தான். மனசு நில் என்றது. உடம்பு அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பழகிய மாடு சாயங்காலமானால் தானே வீட்டுக்குப் போகிற மாதிரி அது தரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மேடம் வந்து பார்த்தார். "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"நிக்கப் பழகறான் மேடம்" என்றாள் ஆணி.

"அத ஒரு வயசுல பழகியிருப்பானே" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஆணி அலுத்துப்போனாள். இரண்டடி தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்து, அவனைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவதற்காக மூச்சை உள்ளே இழுத்தாள். தொடக்கூட இல்லை. அவன் தொப்பென்று விழுந்தான்.

அவன் படுத்தபடி அவளைப் பார்த்தான். அவள் நின்றபடி அவனைப் பார்த்தாள்.

"மூச்சா?" என்றாள்.

"மூச்சுதான் போலிருக்கு" என்றான்.

கோபப்படுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருடமாக அவள் இழுத்த மூச்சுக்குத்தான் அவன் விழுந்திருக்கிறான். கை, முதுகு, இடுப்பு எல்லாம் சும்மா அலங்காரம்.

அன்று மாலை அவள் மருந்துக் கடையில் நீச்சல்காரர்கள் காதில் வைத்துக்கொள்ளும் ரப்பர் அடைப்பான்களை வாங்கி வந்தாள். மறுநாள் அவன் அதை இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு மேட்டில் நின்றான்.

உலகம் தண்ணீருக்குள் போய்விட்டது. பையன்கள் வாயைத் திறந்து மூடினார்கள், சத்தம் வரவில்லை. யாரோ யாரையோ எறிந்தார்கள், மேட் ஊமையாக அதிர்ந்தது. வெளிச்சச் சதுரங்கள் தரையில் அமைதியாகக் கிடந்தன. அவனுக்குத் தன் இதயம் துடிப்பது மட்டும் எங்கோ மாடியில் யாரோ நடப்பதுபோல் கேட்டது. ஆணியின் கை வந்தது. முதுகு திரும்பியது. அவன் காத்திருந்தான். எதுவும் வரவில்லை. தரை போகவில்லை. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

அவள் இழுத்தாள். மறுபடி இழுத்தாள். அவள் தோள் அவன் நெஞ்சில் முட்டியது, கால் அவன் காலோடு பின்னிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது. அவளுடைய உண்மையான பலம் இவ்வளவுதான் என்று முதல்முறையாக அவன் உடம்புக்குத் தெரிந்தது. கதவைத் திறக்கத் தெரியாமல் தள்ளிக்கொண்டிருக்கிற ஒரு ஆளின் பலம். விழுந்துவிடலாம் என்று எவ்வளவோ ஆசைப்பட்டான். ஆனால் அவள்தான் நிற்கச் சொன்னாள்.

அவள் கையை விட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வை மட்டும் இல்லை அதில். உதடுகள் ஏதோ சொல்ல, அவன் ஒரு காதின் அடைப்பானை எடுத்தான்.

"நாளைக்கும் அத மாட்டிட்டு வா" என்றாள்.

அன்று அவன் நேரே அம்மாவின் கடைக்குப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தான். அம்மா ஒரு பாவாடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, மூஞ்சி மாறிக் கிடக்கு?"

"நின்னுட்டேம்மா."

"நிக்கத்தானே சோறு போடறேன்."

"அவளால என்ன அசைக்கவே முடியல."

அம்மா நூலைப் பல்லால் அறுத்தாள். "நீ விழுந்தா அவளுக்கு நல்லதா, நின்னா நல்லதா?"

"நின்னாத்தான்."

"அப்ப நல்ல காரியம்தானே பண்ணியிருக்க. எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி ஏன் உக்காந்திருக்க?"

"எனக்கு விழறது பிடிக்கும்மா" என்றான்.

அம்மா மெஷினை நிறுத்தினாள். எழுந்து அவன் பக்கத்தில் படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. தினமும் அவன் அந்த ஊமை உலகத்துக்குள் போய் நின்றான். தினமும் ஆணி வந்து மோதினாள். ஒருநாள் அவன் குதிகால் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பியது. இன்னொருநாள் கால் சறுக்கி ஓரடி நகர்ந்தது. மேடமும் பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பு இன்னும் தாழட்டும், கையை முதலில் இழு என்று சைகை காட்ட ஆரம்பித்தார். ஆணி இளைத்தாள். பேச்சைக் குறைத்தாள். அவனை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவன் நெஞ்சைத்தான் பார்ப்பாள், அது ஒரு சுவர் என்பதுபோல. ஆனால் எறிய முடியவில்லை. போட்டிக்கு முந்தின நாள்வரை அவன் விழவே இல்லை.

மாலைகளில் தெரு நேராக இருந்தது. விளக்குக் கம்பங்கள் கம்பங்களாக இருந்தன. அவன் மதியங்களை இழந்த மனிதனாக வீட்டுக்கு நடந்தான்.

போட்டி பெரிய ஊரில், பெரிய அரங்கில். அவனுடைய இடத்தில் கோச், அந்த எடைக்குப் புதிதாகக் கிடைத்த ஒரு முதலாண்டுப் பையனை இறக்கியிருந்தார். மூக்கை உறிஞ்சினால் விழுகிறவனை யார் நம்புவார்கள்? ஆனாலும் ஆணிக்கு ஜோடி வேண்டும் என்று மேடம் அவனையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டார். அரங்கத்துக்குப் பின்னால், உடம்பைச் சூடாக்கிக்கொள்ள மெல்லிய மேட் விரித்த ஒரு நீண்ட அறை இருந்தது. எங்கு பார்த்தாலும் பெண்கள் குதித்துக்கொண்டும், கழுத்தைச் சுழற்றிக்கொண்டும், யாரையாவது எறிந்துகொண்டும் இருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் நாலு தடவை நன்றாக எறிந்து பார்த்தால் கைக்கு நம்பிக்கை வரும். எறிபடுகிறவர் அப்போது தாராளமாகக் கொடுப்பார். அது எல்லா அணிக்கும் உள்ள முறை.

"லேசா நாலஞ்சு போடு" என்றார் மேடம். "டேய், நீ நல்லாக் குடு."

ஆணி அவனைப் பார்த்தாள். சில வாரங்களுக்குப் பிறகு முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. பயந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"இன்னிக்கு மட்டும் விழுடா" என்றாள். "பழைய மாதிரி."

அவனுக்கு உள்ளே என்னவோ துள்ளியது. அடைப்பான்களைப் பையிலேயே விட்டான். மணிக்கட்டை நீட்டினான். அவள் பிடித்தாள், திரும்பினாள். அவன் கண்களைப் பாதி மூடிக்கொண்டு, கூரை நகர்வதற்காகக் காத்திருந்தான்.

நகரவில்லை. அவன் நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா?"

"இரு. இன்னொரு தடவ."

மறுபடி பிடித்தாள். மறுபடி நின்றான். அவனுக்கே வியர்த்துவிட்டது.

"விழுன்னு சொல்றேன்ல!"

"வர மாட்டேங்குது."

"என்ன வர மாட்டேங்குது?"

"உன் மூச்சு. நீ இப்பல்லாம் இழுக்கறதே இல்ல."

உண்மைதான். கேட்க ஆளில்லாத அந்த வாரங்களில் அவளை அறியாமலே அந்தப் பழக்கம் உதிர்ந்துவிட்டது. "இந்தா மூச்சு" என்று அவள் வேண்டுமென்றே புஸ் புஸ்ஸென்று இழுத்தாள். உடம்பு அப்படியெல்லாம் ஏமாறுமா? அவன் முழங்காலை மடித்துப் பார்த்தான், முன்னால் சாய்ந்து பார்த்தான். உடம்பு மரமாகவே நின்றது. ஒலிபெருக்கி அவள் எடைப் பிரிவையும் கல்லூரியையும் கூப்பிட்டது. மேடம் வாசலிலிருந்து கையைத் தட்டினார். பக்கத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட எறியாத கையோடு அவள் போக வேண்டும்.

ஆணியின் கண்கள் நிறைந்தன. பிறகு அந்தக் கண்களுக்குள் தீப்பிடித்தது.

"சனியனே!" இரண்டு கைகளாலும் அவன் நெஞ்சில் ஓங்கித் தள்ளினாள். "நில்லுன்னா விழுவ! விழுன்னா நிப்ப! என் உயிர எடுக்கறதுக்குன்னே வந்தியாடா?"

அவனுக்கும் கோபம் வந்தது. அவன் வாழ்க்கையில் யார்மீதும் அவ்வளவு கோபம் வந்ததில்லை. ஒரு வருடம் விழுந்திருக்கிறான், ஒரு மாதம் நின்றிருக்கிறான், இரண்டுமே அவளுக்காக. அவன் கால்களை ஊன்றி, முழுப் பலத்தோடு, அவளை நோக்கித் திருப்பித் தள்ளினான்.

அடுத்து அவனுக்குத் தெரிந்தது தரை.

நடுவில் எதுவும் இல்லை. கூரை நகரவில்லை, போர்வை விரியவில்லை, மஞ்சள் சுவர் இல்லை, யாரும் கூப்பிடவில்லை. நின்றான், கிடந்தான். அவ்வளவுதான். கையால் தட்டக்கூட நேரமில்லை. மெல்லிய மேட்டின் வழியே சிமெண்டுத் தரை அவன் விலாவை வந்து இடித்தது, நெஞ்சிலிருந்த காற்று மொத்தமும் ஒரே சத்தமாக வெளியே போயிற்று. அறையில் ஒரு நொடி எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

அவனை இடுப்பில் ஏற்றி எறிந்திருந்த ஆணி தன் கைகளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஏதோ கேட்க வந்தாள். அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். மீன் மாதிரி வாய்தான் அசைந்தது.

"போ! கூப்டுட்டாங்க, போடீ!" என்று மேடம் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

அவன் அங்கேயே கிடந்தான். யாரோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று தலையசைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் விசில் கேட்டது. கூட்டம் ஆரவாரித்தது, அடங்கியது, மறுபடி ஆரவாரித்தது. யாருக்காக என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று மனசு பறந்தது, விலா அனுமதிக்கவில்லை. அப்போது அவனுக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை. எறிவது என்றால் இதுதான் என்றால், அவள் ஒரு வருடமாக ஒரு தடவைகூட அவனை எறிந்ததில்லை. அந்த மதியங்கள் எல்லாம் அவன் ஒருவனே கண்ட கனவு. அதில் அவள் இருந்ததே இல்லை. சற்றுமுன் அந்த இமைப்பொழுதில்தான், கோபத்தில் சிவந்த முகத்தோடு, அவள் முதல்முறையாக அவன் முன்னால் வந்து நின்றாள். அதை அவன் பார்க்கக்கூட இல்லை.

பெரிய சத்தம் ஒன்று எழுந்தது. விசில் நீளமாக ஊதியது. பிறகு வேறு யாரையோ கூப்பிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஆணி வந்தாள். நெற்றியில் கீறல், ஒரு மூக்குத் துளையில் பஞ்சு, முடி கலைந்து பறந்தது. இந்த முறை அவள் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவனுடைய தண்ணீர்ப் புட்டியை எடுத்து முக்கால்வாசியைக் குடித்தாள். மிச்சத்தை அவன் கையில் கொடுத்தாள். பிறகு சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்:

"தூக்கறப்ப அவ உன்ன மாதிரி கனமா இல்லடா."